பெயரும் எண்ணும் கொடுத்துச் சோதிக்கவும்

“அலுவலகத்துக்குள் எந்தக் கணினி இடம் மாற்றப்பட்டாலும், அதன் பெயரையும் முகவரி எண்ணையும் நகர்வுப் பதிவேட்டில் எழுத வேண்டும். சர்வரின் அனுமதிப் பட்டியல் அந்தக் கணினியை உள்ளே விடுகிறதா என்பதை, பெயர், எண் இரண்டையும் கொடுத்துச் சோதித்து, முடிவை ஒரு வேலைநாளுக்குள் அதே பதிவேட்டில் பதிய வேண்டும்.”

நிலையான அறிவுறுத்தல்கள், பத்தி ஏழு. காவிரிப் பாசனப் பகுதியின் பழைய வாய்க்கால், வடிகால் வரைபடங்களைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் அலுவலகம் தஞ்சாவூரில் இருக்கிறது. அந்தப் பத்தி அந்த அலுவலகத்துக்காக எழுதப்பட்டது. நான் அங்கே கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பத்தியை எழுதியவனும் நானே. அதில் தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லை என்று இன்றும் நினைக்கிறேன். அதைப் பின்பற்றியவரும் ஒருவர்கூட இல்லை.

என் பணியின் கடைசி ஆண்டுகளில் வரைபடங்களையெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு சர்வரில் ஏற்றினோம். காகித மூலங்கள் சாக்கில் கட்டப்பட்டு, ஒப்புகைச் சீட்டின்பேரில் சென்னைக் கிடங்குக்குப் போயின. ஒப்புகைச் சீட்டு பத்திரமாக இருக்கிறது. சாக்குகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

சர்வரை நிறுவிய ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர், வரைபடங்களை யார் யார் திறக்கலாம் என்று கேட்டார். ஆளுக்கொரு கடவுச்சொல் தரலாம் என்றார். எங்கள் அலுவலகத்தில் கடவுச்சொல்லை மஞ்சள் சீட்டில் எழுதி மானிட்டரின் நெற்றியில் ஒட்டுவது வழக்கம் என்று சொன்னேன். அப்படியானால் ஆளைப் பார்க்க வேண்டாம், கணினியைப் பார்த்து உள்ளே விடலாம் என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆள் மாறுவார், பதவி உயர்வில் போவார், விடுப்பில் போவார். கணினி வைத்த இடத்தில் இருக்கும் என்று நம்பினேன். முப்பத்து நான்கு வருடம் அரசுப் பணியில் இருந்தவன் நம்பக்கூடிய விஷயமா அது என்று இப்போது தோன்றுகிறது.

பட்டியலில் மூன்று கணினிகளைச் சேர்த்தோம். என் மேசையில் இருந்தது ஒன்று, ஆவண அறையில் இருந்தது ஒன்று, மனுதாரர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் கவுன்டரில் இருந்தது ஒன்று. மூன்று போதுமா என்று பொறியாளர் கேட்டார். தாராளமாகப் போதும் என்றேன். மற்ற எல்லாக் கணினிகளுக்கும் மறுப்பு. மறுக்கப்பட்ட கணினியைச் சர்வர் திட்டாது, காரணமும் சொல்லாது. அந்த இடத்தை அணுக முடியவில்லை என்று மட்டும் திரையில் காட்டும். இந்த விஷயத்தில் அது வந்த நாளிலிருந்தே அலுவலக நடைமுறையோடு ஒத்துப்போயிற்று.

ஒவ்வொரு கணினிப் பெட்டியின் முகப்பிலும் நட்ட நடுவில், அதன் பெயரையும் எண்ணையும் அச்சிட்டு நானே ஒட்டினேன். யார் பார்த்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்வரைச் சோதிக்க ஒரு நிரலும் உண்டு. அதைச் சும்மா ஓட்டினால், அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோப்பு சரி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும். ஒரு கணினியின் பெயரையும் எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால்தான், அந்தக் கணினிக்கு அனுமதி உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். கல்யாண விருந்தினர் பட்டியலில் எழுத்துப்பிழை பார்ப்பது ஒரு வேலை. வாசலில் நிற்கிறவர் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. பத்தி ஏழில் ‘இரண்டையும்’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டிருந்தேன். தட்டச்சில் கோடு விட்டுப்போயிற்று.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகு, ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரத்தில், இந்தப் பத்தி எனக்கு மறுபடி தேவைப்பட்டது.

அலுவலக வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதை நடத்துகிற பாய் பதினோரு வருடம் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். நான் வாரம் ஒருமுறை அங்கே போவேன். எரியாத தெருவிளக்கு, நிற்காத பேருந்து என்று எனக்கு எழுத எப்போதும் மனுக்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நகல் வேண்டும். “ரிட்டையர் ஆயி மூணு வருஷமாச்சு, இன்னும் அட்டென்டன்ஸ் போட்டுட்டுத்தான் வர்றீங்க” என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பாய் என் மனுவை வாங்கிக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு, பட்டனை அமுக்காமலே நின்றார். என்ன என்று கேட்டேன். சொன்னார்.

குவைத்தில் சேர்த்ததை வைத்துத் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அவர் ஐந்து மா நிலம் வாங்கியிருந்தார். இது அதில் அவருடைய முதல் சம்பா. நடவு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவர் வயலின் மழைத் தண்ணீர் முழுக்கக் கீழ்ப்பக்கத்து நிலத்தின் ஓரமாக ஓடும் ஒரு வடிகால் வழியாகத்தான் இறங்கும். அந்த நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கிடங்கு கட்டுவதற்காக வடிகாலை மண் போட்டு மூடிவிட்டார். மூடிய இடத்தின் குறுக்கே அஸ்திவாரமும் தோண்டியாயிற்று. கேட்டால், அங்கே வடிகாலே இருந்ததில்லை, அது மாடு போகிற தடம் என்றாராம்.

பாய் தாலுகா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். இணையத்தில் கிடைக்கிற படத்தில் வயல் எல்லைகள் மட்டுமே இருந்தன. வடிகாலைக் காட்டும் பழைய வரைபடத்தின் முத்திரையிட்ட நகல் ஒன்றைக் கொண்டுவந்தால் அன்றைக்கே வேலையை நிறுத்துகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான பேச்சு. அந்த நகலைக் கொடுக்க வேண்டிய அலுவலகம் பாய் கடைக்கு எதிரே இருந்தது. சாலையைத் தாண்டுவது ஒன்றுதான் வேலை. அதற்காக அவர் ஒன்பது நாளாக அந்தச் சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

“படம் சிஸ்டத்துல ஓப்பன் ஆகலையாம் சார். மேல சொல்லியிருக்கோம், நாளைக்கு வாங்கங்குறாங்க. ஐப்பசி பொறந்தாச்சு. மழை புடிச்சா பயிரு முழுக்க முங்கிடும்.”

நான் அவரை அழைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினேன்.

என் நாற்காலியில் இப்போது இருப்பவர் என்னிடம் உதவியாளராக வேலை கற்ற மேடம். நல்லவர், நேர்மையானவர். எந்தத் தாளையும் தன் மேசையில் இரண்டு நாளுக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டார், வேறு யார் மேசைக்காவது அனுப்பிவிடுவார். அது நான் கற்றுக்கொடுத்தது. கவுன்டரில் படம் திறக்கவில்லை என்று ஒப்பந்த நிறுவனத்துக்கு மூன்று முறை புகார் பதிந்திருந்தார். மூன்று முறையும், அமைப்புகள் சோதிக்கப்பட்டன, சரியாக உள்ளன, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று பதில் வந்திருந்தது. அச்செடுத்துக் கோப்பில் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார்.

தாள்களை வாங்கிப் பார்த்தேன். மூன்றிலும் சோதனை நிரல் சொன்ன அதே ஒரு வரி, கோப்பு சரி. பெயரும் கொடுக்கவில்லை, எண்ணும் கொடுக்கவில்லை. மூன்று முறை எழுத்துப்பிழை பார்த்திருக்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் பொறியாளரிடம் பேச வேண்டும் என்றேன். மேடம் தன் கைப்பேசியில் போட்டு என்னிடம் கொடுத்தார். அவர் நான் அறிந்த பொறியாளர் அல்ல, அவருக்குப் பிறகு வந்தவருக்குப் பிறகு வந்தவர். குரல் பணிவாக இருந்தது.

“சார், இங்கேருந்து சர்வருக்குள்ளயே போய்ப் பாத்தா எல்லாப் படமும் ஓப்பன் ஆகுது சார்.”

“நீங்க ஓப்பன் பண்ணி என்ன பண்ணப்போறீங்க? நகல் குடுக்கிற கவுன்டர் தஞ்சாவூர்ல இருக்கு.”

“செக் பண்ணிட்டேன் சார். ஓகேன்னுதான் வருது.”

“யாருக்கு ஓகே?”

“பொதுவா ஓகே சார்.”

கவுன்டர் கணினியின் பெயரையும் எண்ணையும் கொடுத்துச் சோதித்தீர்களா என்று கேட்டேன். அந்த எண் என்ன என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். மேடத்தைப் பார்த்தேன். மேடம் கவுன்டர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.

பெட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறதே என்று சொல்லிவிட்டு நானே கவுன்டருக்குப் போய்க் குனிந்தேன். முகப்பின் நட்ட நடுவில், நான் ஒட்டிய சீட்டின்மேல், பெரிய ரூபாய்க் காசு அளவுக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்று நான் தேர்ந்தெடுத்த இடம் சந்தனம் வைப்பவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. இந்த வருடப் பொட்டின் அடியில் போன வருடத்துப் பொட்டு, அதன் அடியில் அதற்கு முந்தைய வருடத்தது. மூன்று வருட பக்தி கெட்டியாகக் காய்ந்திருந்தது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். எழுத்தர் கணினியைப் போட்டார். என் காலத்தில் அந்தக் கவுன்டர் கணினி கண் விழிப்பதற்குள் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இப்போது நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் திரை தயாராக நின்றது.

“என்ன, ரொம்ப வேகமா இருக்கே?” என்றேன்.

“இப்பக் கொஞ்ச நாளாத்தான் சார்” என்றார் எழுத்தர். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்த முகம்.

பாயிடம் ஒரு நாணயம் வாங்கிச் சந்தனத்தைச் சுரண்டினேன். சீட்டில் இருந்த பெயர் தெரிந்தது. அது கவுன்டரின் கணினி அல்ல. அலுவலகத் தலைவரின் அறைக்கென்று என் பணியின் கடைசி மாதத்தில் வாங்கிய புதிய கணினி.

நடந்தது இவ்வளவுதான். சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் அரசு விடுமுறை. அதனால் எங்கள் அலுவலகத்தில் சரஸ்வதி முந்தைய வேலைநாளின் பிற்பகல் மூன்று மணிக்கு வந்துபோக ஒப்புக்கொண்டிருக்கிறாள். கூடத்தில் படத்துக்கு முன்னால் எல்லாப் பிரிவுகளின் கணினிகளும் அடுக்கப்படும். மானிட்டர்கள் மேசையிலேயே இருக்கும், பெட்டிகள் மட்டும் வரும். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலையோடு தீபாராதனை காட்டிய பிறகு யாரும் தொடக் கூடாது. விடுமுறை முடிந்த காலையில் ராகு காலத்துக்கு முன்பு அவரவர் மேசைக்குத் திரும்பிவிட வேண்டும். என் காலத்தில் நான் பதிவேட்டோடு கூடத்தில் நின்று ஒவ்வொரு சீட்டையும் படித்துத்தான் அனுப்புவேன். நான் பூஜைக்கு எதிரி என்று அப்போது பேசிக்கொண்டார்கள். எனக்குப் பின் யாருக்கும் அந்தக் கெட்டபெயர் வரவில்லை.

ஆக, பட்டியலில் உள்ள கவுன்டர் கணினி தலைவரின் அறைக்குப் போயிற்று. பட்டியலில் இல்லாத தலைவரின் கணினி கவுன்டருக்கு வந்தது. வேகமான கணினி தன் மேசைக்கு எப்படி வந்தது என்று எந்த எழுத்தரும் விசாரணை கோர மாட்டார். தலைவரும் கண்டுபிடித்திருக்க வழியில்லை. அவர் அறையில் கணினியின் வேலை மேசைத் துணியைப் பறக்காமல் பிடித்துக்கொள்வது.

பட்டியலின் மற்ற இரண்டு கணினிகளைப் பற்றியும் விசாரித்தேன். ஆவண அறையில் இருந்தது ஆடி மாதமே பழுதுபார்க்கத் திருச்சிக்குப் போய்த் திரும்பவில்லை. என் மேசையில் இருந்தது கழிக்கப்பட்ட பொருட்களோடு பின்பக்க வராந்தாவில், புறாக்களின் கீழே கிடந்தது. அதற்கு உள்ளே போக இன்னும் முழு அனுமதி இருந்தது. மின்சாரம் ஏற்றுக்கொள்ளும் சக்திதான் இல்லை.

இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றிவிடலாம், ஐந்து நிமிட வேலை என்றேன். தலைவர் மூன்று வாரப் பயிற்சியில் வெளியூரில் இருந்தார். அறை பூட்டியிருந்தது. மேடத்துக்கு நிஜமாகவே வருத்தம்.

“கம்ப்யூட்டர நகர்த்தணும்னா ஆர்டர் வேணும் சார். நீங்க எழுதுனதுதான்.”

“போன வாரம் பதினாலு பெட்டிய நகர்த்தினீங்களேம்மா. அதுக்கு யாரு ஆர்டர் போட்டா?”

“அது சாமி காரியம் சார்.”

சரி, கவுன்டரில் இப்போது இருக்கும் கணினியின் எண்ணைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள் என்றேன். பட்டியலைத் திருத்தத் தலைவரின் மின்னஞ்சல் வேண்டும். பொறுப்பைக் கூடுதலாகப் பார்க்கிற கும்பகோணத்து அதிகாரி, அன்றாடத் தாள்களில் மட்டுமே கையெழுத்துப் போடுவதாகத் தனக்குள் ஒரு விதி வைத்திருந்தார். அன்றாடம் என்பது எது என்று அவர் எழுதித் தரவில்லை.

அப்போதுதான் எனக்குப் பத்தி ஏழு நினைவுக்கு வந்தது. பட்டியலைத் திருத்தத்தான் உத்தரவு வேண்டும். சோதிக்க வேண்டாம். இந்தப் பெயர், இந்த எண் கொண்ட கணினிக்கு அனுமதி உண்டா என்று கேட்டால் அவர்கள் சோதித்துப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால், அமைப்புகள் சரியாக உள்ளன என்ற அந்த மூன்று தாள்களும் செத்துப்போகும். கும்பகோணத்து அதிகாரியும் கையெழுத்துக்குப் பயப்பட வேண்டாம், பதிலே அவருக்குக் காரணமாக இருக்கும். பாய் கடையிலேயே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தில் மனு எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய நல்ல மனுக்களில் அது ஒன்று. மேடம் அன்றே அனுப்பிவைத்தார். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. உங்கள் கோரிக்கை பெறப்பட்டது, இரண்டு வேலைநாட்களில் தீர்வு வழங்கப்படும் என்று இயந்திரம் எழுதியிருந்தது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த நிம்மதியைப் பற்றி இப்போது நினைக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வேலைநாட்கள் போயின. மூன்றாவது நாள் திங்கட்கிழமை, மழை பிடித்தது. செவ்வாய் முழுவதும் விடவில்லை. புதன்கிழமை காலை கொஞ்சம் வெறித்தபோது பாய் வண்டியோடு என் வீட்டு வாசலில் நின்றார். வயலைப் பார்க்க வரச் சொன்னார்.

மேல் வயல்களில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாயின் ஐந்து மாவில் மட்டும் அது வந்து நின்றது, போக வழியில்லை. வரப்பில் நின்று பார்த்தால் பச்சை நுனிகள் விரல்கடை உயரம் தெரிந்தன. கீழ்ப்புறத்தில் அதுவும் இல்லை. அதற்கு அப்பால் வடிகால் இருந்த இடத்தில் மண்மேடு. அதன்மேல் கிடங்கின் தூண்களுக்கான கம்பிகள் ஆள் உயரம் நின்றுகொண்டிருந்தன.

“எத்தன நாள் தாங்கும் பாய்?”

“நேத்தே முங்கிடுச்சு சார். நாலு நாள் தாங்கும். அதுக்கு மேல அழுவ ஆரம்பிச்சிடும்.” கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். பிறகு அதே இடத்தில் ஊன்றினார். “உங்க மனுவுக்குப் பதில் வந்துருச்சா சார்?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மூன்று கணினிகள் தாராளமாகப் போதும் என்று சொன்ன ஆள் அவர் பக்கத்தில் வரப்பில் நிற்கிறான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுத்தில் கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

அலுவலகத்தில் பூஜை வேலைகளையெல்லாம் பார்ப்பவர் அங்கே இருபத்தைந்து வருடமாக இருக்கும் அலுவலக உதவியாளர். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனவரும், தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். வியாழக்கிழமை, பாய் வரவழைக்கும் டீயைக் குடிக்கக் கடைக்கு வந்தார். பாயின் ஜெராக்ஸ் இயந்திரங்களுக்கும் வருடாவருடம் சந்தனம் வைப்பவர் அவரே. பாய் ஒருமுறைகூட வேண்டாம் என்றதில்லை, இவரும் ஒருமுறைகூடக் கேட்டுவிட்டு வைத்ததில்லை.

பெட்டிகள் மாறிப்போன கதையைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது.

“ஐயா, நா மாத்தி வக்கல. மேசத் துணி கலரு பாத்துத்தான் வச்சேன். ஊதா துணி அய்யா ரூமு, பச்சத் துணி கவுன்ட்ரு. துணிய வெளுக்கப் போட்டு மாத்தி விரிச்சது நானில்ல.”

இருபத்தைந்து வருடமாக அவருடைய கணக்கு துணியின் நிறம். என்னுடைய கணக்கு சீட்டில் எழுதிய எண். இரண்டுக்கும் நடுவில் பாயின் நெல் நின்றுகொண்டிருந்தது. நான் அவரிடம் வேறொன்றைக் கேட்டேன்.

“ஏம்ப்பா, ஒண்ணு கேக்குறேன். அய்யா ரூம்ல இப்ப இருக்கே, அந்தப் பெட்டி. பூஜையன்னிக்கு அதுக்கு ஒழுங்கா தீபாராதனை ஆச்சா?”

டீ தம்ளரை வைத்தார். “ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான். நெறையப் பெட்டி இருந்துச்சே.”

“அது கடைசி வரிசைல இருந்துச்சு ஐயா. கூட்டத்துல... ஆச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.”

“அப்ப குறை இருக்கு.”

“இருக்கலாம்.”

“நகர்த்துறதுக்கு ஆர்டர் வேணுமாம். சாமி காரியத்துக்கு மட்டும் வேண்டாமாம். மேடமே சொன்னாங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தைந்து வருடத்தில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு பாயைப் பார்த்தார். “நாளைக்கு வெள்ளிக்கெழம. அய்யா ரூமு படத்துக்குப் பூ வக்க நாந்தான் தொறக்கணும்” என்று சொல்லிவிட்டு, டீக்குச் சர்க்கரை பத்தவில்லை என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குள் நல்ல நேரம் பார்த்து அவர் அறையைத் திறந்தார். கதம்பம் பாய் வாங்கியது, இரண்டு முழம். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, மூன்று வருடச் சந்தனத்தை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்து, புதிய சந்தனத்தைச் சீட்டின்மேல் வைக்காமல் அதற்கு ஒரு விரல்கடை மேலே வைத்தார். அதற்காக நான் அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டவன். கற்பூரம் காட்டினார். மேடம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுத்தரும் ஒற்றிக்கொண்டார், ஆனால் அவர் பார்வை தன்னுடைய வேகமான கணினிமேல் இருந்தது. பாய் கதவோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தீபாராதனை முடிந்ததும் அந்தப் பெட்டி அருகிலிருந்த மேசைக்குப் போயிற்று. அருகிலிருந்தது கவுன்டர். அங்கிருந்த வேகமான பெட்டி, அறையைப் பூட்டுவதற்குள் தலைவரின் மேசைக்குப் போயிற்று.

மேடம் அலமாரியிலிருந்து நகர்வுப் பதிவேட்டை எடுத்தார். நான் வாங்கி, பக்க எண் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தது. முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் கணினியின் பெயரை எழுதினார், எண்ணை எழுதினார், நகர்த்தியதற்கான காரணம் என்ற கட்டத்தில் ‘பூஜை நிமித்தம்’ என்று எழுதினார். திரும்ப வைக்கப்பட்ட நாள் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“இங்க என்ன சார் எழுதறது?”

“பூஜை தொடர்கிறதுன்னு எழுதும்மா.”

எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.

கணினி கண் விழிக்க, கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆயிற்று. யாரும் கீழே போகவில்லை. வரைபடம் திறந்தது. கீழ்ப்பக்கத்து நிலத்தின் ஓரமாக, சாய்வாக, நீலக் கோடு. அதன்மேல் வடிகால் என்று அந்தக் காலத்து எழுத்தில் எழுதியிருந்தது. பாய் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, திரையின் ஓரம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

பதினொன்றேகாலுக்கு முத்திரையிட்ட நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையிலேயே தாலுகா அலுவலகத்துக்குப் போனார். அங்கே சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார்கள் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். அதிகாரிகளைப் பற்றி நல்லதாக எழுத எனக்குக் கிடைத்த சந்தர்ப்பங்கள் குறைவு. அன்று பிற்பகலே ஆள் வந்தது, சனிக்கிழமை காலையில் பொக்லைன் வந்தது. மண்மேட்டை வெட்டியதும் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கியதாகப் பாய் சொன்னார். கீழ்ப்புறம் ஒரு மா அழுகிப்போயிற்று. நாலு மா தலைநிமிர்ந்தது.

பயிற்சி முடிந்து வந்த தலைவர் தன் அறையில் எந்த மாற்றத்தையும் கவனிக்கவில்லை. கவுன்டர் கணினிக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு துண்டுக் கதம்பம் வைக்கப்படுகிறது. பதிவேட்டில் பூஜை இன்னும் முடியவில்லை. முடிந்தால் உத்தரவு வேண்டியிருக்கும்.

என் மனுவை நான் மறக்கவில்லை. கார்த்திகையில் ஒரு நினைவூட்டு, மார்கழியில் ஒரு நினைவூட்டு அனுப்பினேன். இரண்டுக்கும் இயந்திரம் உடனே நன்றி சொன்னது.

பிறகு ஒரு நாள் காலை பதிவுத் தபாலில் உறை வந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் கடிதம், ஒரு பக்கம். மனுவில் குறிப்பிடப்பட்ட கணினியின் பெயரும் எண்ணும் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. அந்தக் கணினிக்கு வரைபடங்களை அணுக அனுமதி இல்லை என்று தெரியவருகிறது. மேலும் விசாரித்ததில், அது அலுவலகத் தலைவரின் அறையில் உள்ள கணினி என்பதால் அதற்கு அனுமதி தேவையில்லை. எனவே அமைப்புகள் சரியாக உள்ளன. கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டையும் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். பத்தி ஏழு எழுதப்பட்ட நாளிலிருந்து அதன்படி நடந்த முதல் சோதனை அது.

நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பாய் கடைக்குப் போனேன். ஷட்டர் இறக்கியிருந்தது. அதன்மேல் ஓர் ஏ-நான்கு தாள் ஒட்டியிருந்தது: ‘இன்று அறுவடை. கடை விடுமுறை.’ நிழலில் நின்று உறையைத் திருப்பி, பின்பக்கத்தில், வழக்கம்போல, பெறப்பட்ட தேதியைக் குறித்தேன். தை பதினேழு.